மூன்று நாளைக்கு மட்டும்

ட்ரீவா ஆம்பர்ஜியை எங்கள் பள்ளத்தாக்கில் எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் டாக்டர் இல்லை. அதை அவளே ஆயிரம் தடவை சொல்லிவிட்டாள். "நான் நர்ஸுதாம்ப்பா. கொஞ்சம் கூடப் படிச்ச நர்ஸ், அவ்வளவுதான்" என்பாள். யார் கேட்கிறார்கள்? மூக்கொழுகும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவளுக்கும், சர்க்கரை ஏறிக் கால் புண்ணோடு நொண்டி வருகிறவனுக்கும் மருந்துச் சீட்டு எழுதித் தருகிறவள் எங்களுக்கு டாக்டர்தான்.

அவளுடைய கிளினிக் முன்பு வீடியோ கேசட் வாடகைக்கு விட்ட கடை. தரையில் அலமாரி நின்ற தடம் இன்னும் போகவில்லை. கென்டக்கியின் கிழக்கு மூலை எங்களுடையது. மலைக்கும் ஓடைக்கும் நடுவில் ரோடு போட இடம் கிடைத்ததே பெரிய காரியம். பெரிய ஆஸ்பத்திரிக்கு மலை தாண்டிப் போக வேண்டும். அந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில்தான் ட்ரீவா இருபது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருந்தாள். ஓஹையோவுக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே ஒருத்தியைப் பார்த்துக்கொண்டான். "போனா போறான், அவன் துணியத் துவைக்கிற வேலை மிச்சம்" என்றாள். நாற்பது வயதுக்கு மேல் புத்தகத்தைத் தூக்கினாள். வேலைக்கும் போய்க்கொண்டே படித்துப் பாஸ் பண்ணி, மருந்து எழுதும் உரிமையும் வாங்கிக்கொண்டு வந்து இந்தக் கடையில் உட்கார்ந்தாள். சிடுசிடுப்புக்குப் பேர் போனவள். சிகரெட்டை விடாதவனை வாசலிலேயே நிறுத்தி வைத்து வாங்கு வாங்கு என்று வாங்குவாள். ஆனாலும் அவளிடம்தான் போவோம். வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.

அவள் என்னென்ன எழுதலாம் என்றால், ஏறக்குறைய எல்லாம் எழுதலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, காய்ச்சல், எதுவானாலும் சரி. அளவு தப்பினால் ஆளையே கொண்டுபோகிற இன்சுலினைக்கூட எழுதலாம். அபினிலிருந்து வரும் மார்ஃபின் இனத்து வலி மாத்திரை என்று வந்தால் மட்டும் சட்டம் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும். முதலில் ஒரு டாக்டர், 'இவள் எழுதட்டும், நான் பொறுப்பு' என்று கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தாலும் மூன்று நாளைக்கு மட்டும். அதற்கு மேல் வேண்டுமென்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். பல் பிடுங்கியவனுக்கும் மூன்று நாள்தான், எலும்புக்குள் புற்றுநோய் இறங்கியவனுக்கும் மூன்று நாள்தான்.

சரி, சட்டத்தைத் திட்டித் தீர்க்கலாம் என்றால் அதற்கும் எங்களுக்கு வாய் இல்லை. மாத்திரைக் காலம் என்று நாங்கள் சொல்கிற அந்த வருஷங்களில் ரோட்டோரம் கடை போட்ட டாக்டர்கள் பல்லிமிட்டாய் மாதிரி வலி மாத்திரையை அள்ளிக் கொடுத்தார்கள். வெளிமாநில வண்டிகள் விடியும் முன்பே வந்து வரிசை கட்டி நின்றன. பிள்ளைகள் செத்தார்கள். ஒருத்தர் இரண்டு பேர் இல்லை. அவசரப் பிரிவில் நின்றுகொண்டு அவர்களுடைய நீலம் பாரித்த உதடுகளைப் பார்த்தவள் ட்ரீவா. மருந்தெழுதும் கைகளைச் சட்டம் கட்டிப்போட்டபோது எங்கள் சர்ச்சில் எழுந்து நின்று கைதட்டினோம். அவளும் தட்டினாள்.

ஹெர்ஷல் ஃப்யூகேட்டும் தட்டினார். அவருடைய ஒரே மகன் டுவேன் அந்த வரிசையில் போனவன். சுரங்கத்தில் முதுகு பிடித்துக்கொண்டது என்று முதல் மாத்திரை வாங்கினான். கடைசி மாத்திரையை வீட்டுக் குளியலறையில் போட்டான். கதவை உடைத்தது ஹெர்ஷல்தான். அதற்குப் பிறகு தலைவலிக்குக்கூட மாத்திரை தொட மாட்டார். யாராவது நீட்டினால், "அந்தச் சனியன எங்கிட்ட காட்டாதீங்க" என்பார்.

அந்த ஹெர்ஷலுக்குத்தான் நுரையீரலில் ஆரம்பித்த புற்றுநோய் இடுப்பு எலும்புக்கும் முதுகெலும்புக்கும் போனது. முப்பது வருஷம் பூமிக்கடியில் சுரங்கக் கூரை சரியாமலிருக்கக் கம்பி அடித்தவர். தூரத்து நகரமான லெக்சிங்டனில், அங்குள்ள ஆஸ்பத்திரியில் எல்லாம் செய்து பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவரும் அழவில்லை, அவர் பெண்டாட்டி ஆர்லீனும் அழவில்லை. ஆர்லீன் ட்ரீவாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அவரு போவாரு, அது தெரியும். கத்தாம போகணும் ட்ரீவா. அத மட்டும் பாத்துக்க."

"நான் பாத்துக்கறேன் அண்ணி" என்றாள் ட்ரீவா. அவள் அம்மாவும் ஹெர்ஷலின் அம்மாவும் ஒன்றுவிட்ட சகோதரிகள். அந்த முறையில் ஹெர்ஷல் அவளுக்கு அண்ணன்.

கொஞ்ச காலம் பார்த்துக்கொள்ளவும் செய்தாள். அப்போது கிளினிக்குக்குப் பொறுப்பாகக் கையெழுத்துப் போட்டிருந்தவர் கிழட்டு டாக்டர் எல்டன் விட். வாரத்தில் ஒரு நாள் வருவார், வாசல் பெஞ்சில் உட்கார்ந்து புகையிலையை மென்றுகொண்டே நோயாளிகளை விசாரிப்பார். ஹெர்ஷலை அவருக்குச் சிறு வயதிலிருந்து தெரியும். மாதாமாதம் அவரே சீட்டெழுதினார். மாத்திரையைத் தொட மாட்டேன் என்று முரண்டு பிடித்த ஹெர்ஷலை, "டேய், உன் பையன் சாகறதுக்குத் தின்னான், நீ தூங்கறதுக்குத் தின்னுடா" என்று அதட்டி விழுங்க வைத்ததும் அவர்தான். அந்த மாத்திரையால் ஹெர்ஷல் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார், சோள ரொட்டியைப் பாலில் பிட்டுப் போட்டுச் சாப்பிட்டார், கூடைப்பந்து மேட்ச் பார்த்துத் திட்டினார்.

பிப்ரவரியில் டாக்டர் விட்டுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வாயும் போய்விட்டன. கிளினிக்கை நடத்தும் கம்பெனி உடனே லெக்சிங்டனிலிருந்து புது டாக்டரை ஏற்பாடு செய்தது. டாக்டர் லாங்ஃபோர்ட், பொறுப்புக் கையெழுத்து இனி அவருடையது. நேரில் வர மாட்டார். வியாழக்கிழமைதோறும் கிளினிக் சுவரில் மாட்டிய திரையில் வருவார்.

இதற்குள் ஹெர்ஷலின் மாத்திரை தீர்ந்தது. ட்ரீவா தன் பெயரில் மூன்று நாளைக்கு எழுதினாள். அது முடிந்ததும் இன்னொரு மூன்று நாளைக்கு எழுதினாள். இரண்டாவது சீட்டை மருந்துக்கடை கர்ட்டிஸ் கொடுத்தான், கொடுத்துவிட்டு அவளுக்குப் போன் பண்ணினான்.

"ட்ரீவாக்கா, இத்தோட போதும். ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா எழுதினா மூணு நாளுன்னு சட்டம் எதுக்கு? மாநிலத்துக்காரன் கம்ப்யூட்டர்ல பாக்கறான். உன் லைசென்ஸும் போகும், என் கடையும் போகும்."

"அவருக்கு எலும்பு முழுக்கப் பரவியிருக்குடா. இது உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாதே. டாக்டர எழுதச் சொல்லு, அரை மணி நேரத்துல நானே வீட்டுக்குக் கொண்டாந்து தரேன்."

அவனைத் திட்ட வாயெடுத்துவிட்டு அடக்கிக்கொண்டாள். அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. லைசென்ஸ் போனால் இந்த ஓடைக்கரை முழுக்க ஒரு சளி மருந்து எழுதவும் ஆள் கிடையாது. ஆக எல்லாம் வியாழக்கிழமை திரையில் வரும் அந்த மனிதர் கையில் இருந்தது. அவர் சரி என்றால் மாதத்துக்கு மார்ஃபின் கிடைக்கும். சாகப்போகிறவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஆட்களை வரவழைக்கவும் அவர் கையெழுத்துதான் வேண்டும்.

புதன்கிழமை மத்தியானம் ஹெர்ஷல் வீட்டுக்குப் போனாள். அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போனாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால் எங்கள் ஆட்களின் லட்சணம் அவளுக்குத் தெரியும். எப்படி இருக்கிறாய் என்று எங்களை யார் கேட்டாலும் பரவாயில்லை என்போம். வீடு வெள்ளத்தில் போனவனும் பரவாயில்லை என்பான், கை மெஷினில் போனவனும் பரவாயில்லை என்பான். அதன் அர்த்தத்தை முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"அண்ணே, அந்த ஆளு ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள வலி எவ்வளவுன்னு கேப்பாரு. என்ன சொல்வ?"

ஹெர்ஷல் யோசித்தார். "கேக்கறது யாருங்கறதப் பொறுத்தது."

"வெளையாடாத. கல்லு சரிஞ்சு உன் கால் மேல விழுந்தப்ப என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா? நான்தான அப்ப டியூட்டில இருந்தேன். எலும்பு வெளிய தெரியுது, ரெண்டுன்னு சொன்ன."

"ரெண்டுதான் இருந்திச்சு."

"கேட்டுக்கங்க அண்ணி" என்று ஆர்லீனைப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டாள் ட்ரீவா. "நாளைக்கு ரெண்டுன்னு சொன்ன, நானே உன்னக் கொன்னுருவேன். ஒம்பதுன்னு சொல்லு. பத்துன்னா பொய்யின்னு நெனப்பாங்க. ஒம்பது. எங்க, சொல்லு பாப்போம்."

ஹெர்ஷல் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"ஒம்பது. அவ்வளவுதான? இத்தன தடவ சொல்ற" என்று ஆர்லீன்தான் அவருக்காகச் சொன்னாள். ட்ரீவா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை அவரைச் சர்ச் வேனில் மெத்தை போட்டுப் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். வீட்டில் இன்டர்நெட் எடுக்காது. அந்தக் கால் மணி நேரப் பயணம் அவருக்குத் தாங்க வேண்டுமே என்று மிச்சமிருந்த கடைசி மாத்திரையைப் புறப்படும் முன் ட்ரீவாவே கொடுத்தாள். ஹெர்ஷல் தன் பங்குக்குச் சும்மா வரவில்லை. டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்றால் எங்கள் ஊர் ஆள் அழுக்காகப் போவானா? ஆர்லீனைச் சவரம் பண்ணிவிடச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டார். தலையை ஈரமாக்கி வாரினார். கிளினிக்கில் படுத்துக்கொள் என்றால் கேட்கவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஞாயிறு ஆராதனைக்கு வந்த மனுஷன் மாதிரி இருந்தார்.

திரையில் டாக்டர் லாங்ஃபோர்ட் வந்தார். சின்ன வயசு. நல்லவர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். குரலில் மரியாதை இருந்தது.

"வணக்கம் மிஸ்டர் ஃப்யூகேட். எப்படி இருக்கீங்க?"

"பரவாயில்லைங்க" என்றார் ஹெர்ஷல். "நீங்க நல்லா இருக்கீங்களா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"நல்லா இருக்கோம், நன்றி. வலி எப்படி இருக்கு?"

"பரவாயில்லைங்க. தாங்கிக்கற மாதிரிதான் இருக்கு."

ட்ரீவா குறுக்கே பாய்ந்தாள். "டாக்டர், எங்க பக்கம் பரவாயில்லைன்னா நீங்க நெனைக்கற அர்த்தம் இல்ல. இவரு ராத்திரி முழுக்க..."

"ட்ரீவா, ஒரு நிமிஷம். அவர் வாயால கேக்கணும், தப்பா நெனைக்காதீங்க. மிஸ்டர் ஃப்யூகேட், பத்துக்கு எத்தனைன்னு சொல்வீங்க?"

அந்த அறையில் ட்ரீவா இருந்தாள், ஆர்லீன் இருந்தாள். இருவரும் அவர் உதட்டைப் பார்த்தார்கள். ஹெர்ஷல் நாற்காலியின் கையை அழுத்திப் பிடித்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. பிறகு, "மூணு நாலு இருக்குங்க" என்றார்.

"பொய் சொல்றாரு" என்று ஆர்லீன் கத்தினாள். "டாக்டர், எம் புருஷன் பொய் சொல்றாரு."

திரையில் இருந்தவர் சற்று நேரம் எதையோ படித்தார். நிமிர்ந்தபோது குரல் இன்னும் மென்மையாக இருந்தது. ட்ரீவாவுக்கு அந்த மென்மை பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இல்லை என்று சொல்லப் போகிறவர்கள் அந்தக் குரலில்தான் பேசுவார்கள்.

"இங்க வீட்ல ஒரு மரணம்னு போட்டிருக்கு. மாத்திரையால."

"எங்க பையன்" என்றாள் ஆர்லீன்.

"ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். ஆனா என் நிலைமையையும் பாருங்க. அப்படி ஒரு வீட்டுக்கு, நான் நேர்ல பாக்காத ஒருத்தருக்கு, வலி மூணு நாலுதான்னு அவரே சொல்லும்போது, ஒரு மாசத்துக்கு மார்ஃபின் எழுதினா நாளைக்கு என்னைக் கேப்பாங்க. என் கூடப் படிச்ச ஒருத்தர் இப்ப ஜெயில்ல இருக்காரு. ஸ்கேனும் பழசு. புதுசா ஒண்ணு எடுத்து அனுப்புங்க. இப்போதைக்கு வேற மாத்திரை தரேன். அடுத்த வியாழக்கிழமை மறுபடி பாப்போம்."

"ஸ்கேன் எடுக்க லெக்சிங்டன் போகணும் டாக்டர். அவரால முடியாது."

"உட்கார்ந்திருக்காரே" என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

திரை அணைந்தது. அணைந்த அடுத்த நொடி ஹெர்ஷல் நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் சரிந்தார். இரண்டு பெண்களும் சேர்ந்து பிடித்துக் கட்டிலில் கிடத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது.

ட்ரீவாவுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "ஒரே ஒரு வார்த்தை அண்ணே. படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஒம்பதுன்னு ஒரு வார்த்தை சொல்ல உன் வாய்க்கு என்ன கேடு?"

ஹெர்ஷல் கண்ணை மூடிக்கொண்டே பேசினார். "டுவேன் அதத்தான் சொல்லுவான்."

"எத?"

"ஒம்பதுன்னு. டாக்டர் கடைக்குப் போறதுக்கு முந்தி குளியலறைக் கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பழகுவான். மூஞ்சிய இப்படி அப்படி கோணிக்கிட்டு, 'ஒம்பது டாக்டர், ஒம்பது இருக்கு'ம்பான். பத்துன்னா நம்ப மாட்டாங்கன்னு அவனுக்கும் தெரியும். நான் வெளிய நின்னு கேட்டுக்கிட்டிருப்பேன். சிரிப்புக்கூட வரும் சில நாளு." மூச்சு வாங்கினார். "நீ நேத்து சொல்லு சொல்லுன்னப்ப அவன் குரல்தான் கேட்டுது தாயி. எனக்கு வாய் வரல. நெஜமா இருந்தாலும் வரல."

ட்ரீவாவுக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. எட்டு என்று சொல்லச் சொல்லியிருக்கலாம். ஒன்றுமே சொல்லிக் கொடுக்காமல் விட்டிருக்கலாம். சவரம் பண்ணவிடாமல், மாத்திரை கொடுக்காமல், படுத்த படுக்கையாகவே திரை முன்னால் போட்டிருந்தால் அந்த ஆள் கண்ணாலேயே பார்த்திருப்பார். நல்லது செய்கிறேன் என்று ஒவ்வொன்றாகச் செய்து, அண்ணன் வாயை அவளே அடைத்துவிட்டாள். ஆர்லீன் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

டாக்டர் எழுதிய வேறு மாத்திரை மூட்டுவலிக்கும் நரம்பு வலிக்கும் கொடுப்பது. வெள்ளிக்கிழமை காலையிலேயே அதன் லட்சணம் தெரிந்துவிட்டது. ட்ரீவா லெக்சிங்டனுக்குப் போன் போட்டாள். டாக்டர் வேறு கிளினிக் பார்க்கிறார், செய்தியைச் சொல்லிவிடுகிறோம் என்றார்கள். புற்றுநோய்ப் பிரிவுக்குப் போட்டாள். நோயாளி வந்தால் பார்க்கிறோம் என்றார்கள். அந்திமக் காலத்தில் வந்து பார்க்கிறவர்களுக்குப் போட்டாள். அங்கே போன் எடுத்த பெண்பிள்ளை அழாத குறையாகப் பேசினாள். டாக்டர் கையெழுத்து மட்டும் இருந்தால் இன்றைக்கே வருவோம் அக்கா என்றாள். கடைசியில் டாக்டர் விட்டின் வீட்டுக்கே போனாள். கிழவருக்கு எல்லாம் புரிந்தது. இடது கையால் அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். அவரைச் சமாதானப்படுத்திவிட்டுத் திரும்பி வந்தாள்.

சனிக்கிழமை ஆம்புலன்சை வரவழைத்து மலை தாண்டிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு வளைவிலும் ஹெர்ஷலின் இடுப்பு எலும்பு கரகரவென்றது என்று ஆர்லீன் சொன்னாள். அவசரப் பிரிவில் ஊசி போட்டார்கள். இரண்டு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கினார். படுக்கை காலியில்லை, இங்கே இதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்கு மாத்திரை உங்கள் டாக்டர்தான் எழுத வேண்டும் என்று அனுப்பினார்கள். மலையிறங்கும்போதே ஊசி தெளிந்துவிட்டது. "இன்னொரு தடவ அந்த ரோட்டுல ஏத்தினீங்கன்னா கதவத் தொறந்து குதிச்சிருவேன்" என்றார் ஹெர்ஷல்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவருக்காக ஜெபம் பண்ணினோம். அவர்கள் வீடு சர்ச்சுக்கு எதிர் மேட்டில்தான். பாட்டு நிற்கிற இடைவெளிகளில் அவர் கத்துவது எங்களுக்குக் கேட்டது. பாதிரியார் அடுத்த பாட்டைச் சீக்கிரமாக ஆரம்பித்தார். நாங்களும் சத்தமாகப் பாடினோம். வேறு என்ன செய்ய?

திங்கட்கிழமை முற்பகல் ட்ரீவா போனபோது ஆர்லீன் அவளை ஹெர்ஷலின் அறைக்குள் விடாமல் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அலமாரியில் மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் பையை எடுத்து மேஜையில் வைத்தாள். உள்ளே நீல மாத்திரைகள்.

"ஏது அண்ணி இது?"

"ஜேரட்டுகிட்ட."

பாலத்துக்குப் பக்கத்தில் டிரெய்லர் வீட்டில் இருக்கும் ஜேரட்டை எல்லாருக்கும் தெரியும். டுவேனின் சிநேகிதன். டுவேனுக்கு விற்றவனும் அவன்தான். செத்த வீட்டுக்கு வந்தவனை ஹெர்ஷல் துப்பாக்கியைக் காட்டித் துரத்தினார். அதற்குப் பிறகு ஆர்லீன் அந்தப் பாலத்தின் வழியாகக்கூடப் போனதில்லை, சுற்றிக்கொண்டுதான் போவாள்.

"நீங்களா போனீங்க?"

"வேற யாரு போவா? கதவத் தட்டினேன். என்னப் பாத்துட்டு அவன் அழுதான், தெரியுமா? நான் அழல." ஆர்லீன் பையை அவள் பக்கம் தள்ளினாள். "எத்தன குடுக்கணும்னு மட்டும் சொல்லு. ஒண்ணா, அரையா? ஆளக் கொல்லாம தூங்க வைக்கணும். உனக்குத்தான் தெரியும்."

ட்ரீவா ஒரு மாத்திரையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். மேலே பொறித்த கம்பெனி முத்திரை சரியாகத்தான் இருந்தது. இப்போதெல்லாம் முத்திரை சரியாகத்தான் இருக்கும். யாரோ எங்கேயோ மெஷினில் அழுத்தி எடுப்பது, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவனுக்கும் தெரியாது. ஒன்றில் ஒன்றும் இருக்காது, அடுத்ததில் குதிரையைச் சாய்க்கிற அளவுக்கு இருக்கும்.

"அண்ணி, இதுக்கு அளவே கிடையாது. இது என்னன்னே தெரியாது. கால் மாத்திரையிலயும் மூச்சு நிக்கலாம்."

"நிக்கலாம்னுதான சொல்ற. நிக்காமலும் இருக்கலாம்ல?"

"எனக்குத் தெரியாது அண்ணி. சத்தியமா தெரியாது."

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. வார்த்தை இல்லை. நாலு நாளாகக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிய ஒரு மனுஷனின் சத்தம். ஆர்லீன் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. ட்ரீவாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ட்ரீவா பையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். கதவின் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் வேறு மரத்துண்டு வைத்து அடித்திருந்தது. கழிவறைக் கோப்பையில் எல்லாவற்றையும் கொட்டித் தண்ணீரை இழுத்துவிட்டாள். தவறி ஒன்று தரையில் உருண்டது. குனிந்து அதையும் தேடியெடுத்துப் போட்டாள். திரும்பியபோது ஆர்லீன் வாசலில் நின்றிருந்தாள்.

"செய்ய வேண்டியதத்தான் செஞ்ச" என்றாள் ஆர்லீன். "எனக்குத் தெரியும். கொட்டத்தான் கொட்டுவ. தெரிஞ்சுதான் உங்கிட்ட காட்டினேன் போல." சுவரைப் பிடித்துக்கொண்டாள். "சரி. அது விஷம். உங்கிட்ட என்ன இருக்கு?"

ட்ரீவாவின் பையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தது, பஞ்சு இருந்தது, காய்ச்சல் மாத்திரை இருந்தது.

"அப்ப ஒண்ணுமில்லன்னு போயி நீயே அவருகிட்ட சொல்லு. என்னால முடியாது."

ட்ரீவா அறைக்குள் போனாள். திரைச்சீலையை இழுத்துவிட்டிருந்தார்கள். ஹெர்ஷல் பக்கவாட்டில் முழங்காலை மடக்கிக் கிடந்தார். தாடி நாலு நாளுக்கு வளர்ந்திருந்தது. காலடிச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தார். முதலில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். வாழ்நாளில் யாரிடமும் எதுவும் கேட்டறியாத மனுஷன் அவர். கடன் கேட்டதில்லை, உதவி கேட்டதில்லை. கல் விழுந்து கிடந்தபோதும், மற்றவனை முதலில் எடுங்கடா என்றவர்.

"கொண்டாந்தியா தாயி?" என்றார்.

ட்ரீவா கட்டிலருகே முழங்காலிட்டு இரண்டு வெறுங்கைகளையும் அவர் கண்ணுக்கு நேராக விரித்துக் காட்டினாள்.